கம்பளி நூற்றவளும் கடிதம் எழுதியவளும்

நான் லத்தீன் படிக்க உட்கார்ந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டேன். முதலில் கையில் தந்தது, வழக்கம்போல, ஜூலியஸ் சீசரின் கால் (Gaul) நாட்டுப் போர்க் குறிப்புகள். மூன்றே மாதத்தில் முற்றுகை, பிணைக்கைதி, அகழி, சரணடைதல் எல்லாம் அத்துப்படி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லத்தான் தெரியாது.

அடுத்து வந்த ஆசிரியை சீசரை மூடிவைத்துவிட்டு ஒரு கல்லறை வாசகத்தை எடுத்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டு, ரோம் நகரம், கிளாடியா என்றொருத்தி. எட்டே வரி. கணவன்மேல் வைத்த அன்பு, பெற்ற இரண்டு மகன்கள், அதில் ஒருவனை மண்ணுக்குக் கொடுத்தது, இனிய பேச்சு, வீட்டுப் பொறுப்பு, கம்பளி நூற்றது. முழு வாழ்க்கையும் அவ்வளவுதான். இறந்தகால வினைமுற்றைச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் கிடையாது. அடுக்கடுக்காக, பெரும்பாலும் முடிந்துபோன வினைகள். அந்தப் பட்டியலை அவளே போட்டிருந்தால் கம்பளி அதில் இருந்திருக்குமா என்று அன்று இரவு யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

இலக்கணமும் சும்மா இல்லை. லத்தீனில் மணம் முடிக்கும் ஆணுக்கு 'டூக்கெரே': அவளை அழைத்துச் செல்கிறான். பெண்ணுக்கு 'நூபெரே': அவனுக்காக முக்காடிட்டுக்கொள்கிறாள். அவளுக்கு இரண்டாம் வேற்றுமை, அவனுக்கு நான்காம் வேற்றுமை. வகுப்பில் மற்றவர்கள் இதில் திணறினார்கள். எனக்குத் திணறல் இல்லை. அவளைக் கட்டினான், அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று கேட்டு வளர்ந்த காது இது. சுலபமாகப் புரிந்துவிட்டதே என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

பெண்களைப் பற்றிய பாடங்களை வைத்துவிட்டால் பெண்களின் குரல் கேட்டுவிடும் என்று நம்புவதில்தான் எனக்குச் சங்கடம். ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் குடும்பத்துக்கு, பெரும்பாலும் மனைவி டெரென்ஷியாவுக்கு, எழுதிய 24 கடிதங்கள் ஒரு தொகுதியாகவே இருக்கின்றன. அவள் எழுதிய பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவற்றைப் படிப்பது ஒருபக்கத் தொலைபேசிப் பேச்சைக் கேட்பது மாதிரி. அவர்கள் மகளின் பெயர் டுல்லியா. அதுவும் டுல்லியுஸ் என்ற அப்பாவின் குலப்பெயருக்குப் பெண்பால் விகுதி சேர்த்ததுதான். ரோமில் மகள்களுக்கு வழக்கம் அதுவே. இந்தப் பாடங்களை எடுப்பவர் சொல்லுக்குப் பொருள் சொன்னால் போதாது. பேசுவது யார், பேசாமல் இருப்பது யார் என்றும் கேட்கவைக்க வேண்டும்.

எங்கள் ஆசிரியை கடைசிவரை ஒன்றை ஒளித்துவைத்திருந்தார். வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியப் படைமுகாமின் மண்ணுக்குள் கிடைத்த மெல்லிய மரப்பட்டிகை ஒன்றின் படம். சுமார் கி.பி. 100. ஓர் அதிகாரியின் மனைவி கிளாடியா செவேரா, அந்த முகாம் தளபதியின் மனைவி சுல்பிசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். செப்டம்பர் 13க்கு முன் மூன்றாம் நாள் என்று தேதி போட்டிருக்கிறது. ரோமானியர்கள் இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுவார்கள், ஆகவே 11. நான் 10 என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

அழைப்பை எழுதியது பழகிய எழுத்தரின் கை. வரிகள் சீராக ஓடுகின்றன. கடைசியில் எழுத்து மாறுகிறது. கோணலாக, தயங்கித் தயங்கி, பயிற்சி போதாத ஒரு கை. செவேராவே எழுதுகோலை வாங்கிக்கொண்டுவிட்டாள். ஒரு பெண் தன் கைப்பட எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய லத்தீன் எழுத்துகளில் இது ஒன்று. லெபிடினாவைச் சகோதரி என்று கூப்பிட்டு, உன்னை எதிர்பார்த்திருப்பேன் என்கிறாள்.

வினையை இனங்காணச் சொன்னார் ஆசிரியை. எதிர்காலம், தன்மை, ஒருமை.