தவறிய பிள்ளைக்கும் ஓர் இருக்கை

 



நம் மஹல்லாவில் 15 வயதுப் பையன் ஒருவன் முதல் தடவையாகத் திருடிப் பிடிபட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஜும்ஆவில் அவன் எங்கே இருப்பான்? நம் தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பில் நிற்பானா? அல்லது தெருமுனையில், அவனை ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கும் கெட்ட கூட்டத்தோடு நிற்பானா? இதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

சிறுவர் சுலைமான் (அலை) சொன்ன தீர்ப்பு

அல்அன்பியா சூராவின் 78, 79 ஆவது வசனங்களில் அல்லாஹ் ஒரு வழக்கைக் குறிப்பிடுகிறான். ஒருவருடைய ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. வழக்கு தாவூத் (அலை) அவர்களிடம் வந்தது. இழப்புக்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரரிடம் கொடுத்துவிடும்படி அவர்கள் தீர்ப்பளித்தார்கள் என்று தஃப்ஸீர்களில் வருகிறது. அப்போது சுலைமான் (அலை) அவர்களுக்கு 11 வயது என்றும் சிலர் எழுதுகிறார்கள்.

அந்தச் சிறுவர் வேறொரு வழி சொன்னார். ஆடுகள் சில காலம் நிலத்துக்காரரிடம் இருக்கட்டும். பாலையும் ரோமத்தையும் அவர் பயன்படுத்திக்கொள்ளட்டும். ஆட்டுக்காரர் அந்த நிலத்தைப் பண்படுத்தி, பயிர் முன்பிருந்த நிலைக்கு வரும்வரை உழைக்கட்டும். பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு. இந்தத் தீர்ப்பை சுலைமானுக்குத் தானே விளங்க வைத்ததாக அல்லாஹ் சொல்கிறான். இருவருக்குமே ஞானம் கொடுத்ததாகவும் சொல்கிறான். தந்தையைக் குறைத்துப் பேசவில்லை.

கவனியுங்கள். இழந்தவருக்கு இழந்தது கிடைத்தது. தவறியவர் தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். இருவரும் பழையபடி அக்கம்பக்கத்தாராக வாழ முடிந்தது.

மாணவர்கள் நடத்தும் நீதிமன்றம்

இதே கருத்தை நினைவூட்டும் ஓர் ஏற்பாடு இன்று அமெரிக்காவில் இருக்கிறது. அதற்கு இளையோர் நீதிமன்றம் என்று பெயர். டெக்ஸாஸ் மாநிலத்தின் ஒடெஸ்ஸா நகரில் 1983 இல் தொடங்கிய ஒன்று பல ஊர்களுக்கு முன்மாதிரியானது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 1989 இல் ஒன்று தொடங்கியது. அங்கே பள்ளிக்கூட மாணவர்களே சட்ட வகுப்பில் படித்து, தேர்வெழுதித் தேறி, வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் அமர்கிறார்கள். சம்பளம் கிடையாது. பெரியவர்கள் பயிற்சி கொடுத்து, பின்னால் துணையாக நிற்கிறார்கள்.

கடையில் சிறு பொருள் திருடியது, சுவரில் கிறுக்கியது, கைகலப்பு போன்ற முதல் தவறுகள்தாம் பெரும்பாலும் அங்கே வரும். பெரும்பாலான ஊர்களில் பிள்ளை முதலில் தன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அவன் வயதுப் பிள்ளைகளே அவனிடம் கேட்பார்கள்: என்ன நடந்தது? யாருக்கு நஷ்டம்? எப்படிச் சரிசெய்வாய்? மன்னிப்புக் கடிதம், நஷ்டஈடு, பொதுச்சேவை என்று தீர்ப்பு வரும்.

இதில் என் மனதைத் தொட்டது வேறொன்று. பல ஊர்களில், தண்டனையின் ஒரு பகுதியாக அந்தப் பிள்ளையே பின்னொரு நாள் ஜூரியாக வந்து உட்கார வேண்டும். நேற்றுக் கூண்டில் நின்றவனுக்கு இன்று ஓர் இருக்கை! நீ எங்களில் ஒருவன் என்று இதைவிட அழகாக எப்படிச் சொல்வது?

பலன் உண்டா? நான்கு மாநிலங்களில் செய்த ஓர் ஆய்வு 2002 இல் வெளியானது. அலாஸ்காவில் இந்த வழியில் போனவர்களில் ஆறு மாதத்துக்குள் மறுபடி தவறியவர்கள் 6 சதவீதம். வழக்கமான வழியில் போனவர்களில் 23 சதவீதம். மிசோரியில் 9, 28. மேரிலாந்தில் இப்படிப்பட்ட நன்மை தெரியவில்லை. ஆகவே இது மந்திரக்கோல் அல்ல. நடத்துகிறவர்களின் அக்கறையும் பொறுமையும் இருக்கும் இடத்தில்தான் பலன் இருக்கும்.

நாயகம் (ஸல்) அவர்களின் வழி

அன்பானவர்களே! பொறுப்பைக் கொடுத்தால்தான் இளைஞர் பக்குவப்படுவார். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, நான் வயதில் சிறியவனாயிற்றே என்று அவர்கள் தயங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள், அல்லாஹ் உங்கள் உள்ளத்துக்கு வழிகாட்டுவான் என்று தைரியமூட்டி, இரண்டாம் தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று கற்றுக்கொடுத்தார்கள். அபூதாவூதில் இந்தச் செய்தி வருகிறது.

தவறியவரிடம் எப்படி நடப்பது? மது அருந்திய ஒருவர் தண்டிக்கப்பட்டபின், கூட்டத்தில் சிலர் அவரைச் சபித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவிசெய்யாதீர்கள் என்ற கருத்தில் கண்டித்தார்கள். இது புகாரியில் வருகிறது. தண்டனை முடிந்தது; ஆனாலும் அவர் சகோதரர்தான்.

நான் வாய்மூடி நின்ற நாள்

இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில் இமாமத் செய்துகொண்டிருந்தேன். ஹவ்ழுக்குப் பக்கத்தில் ஒருவர் வைத்த செல்போனை ஒரு பையன் எடுத்துவிட்டான். இஷாவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் அவனை நிறுத்தி, ஆளாளுக்கு ஏசினார்கள். அவன் அத்தாவின் ஏழ்மையையும் இழுத்தார்கள். நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு நின்றேன். ஏன் எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன் அன்று இரவே உரியவரிடம் சேர்ந்துவிட்டது. பையன் மட்டும் பள்ளிக்குத் திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் உம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்: "ஹஜ்ரத், நீங்களாவது அன்னைக்கு அவனைப் பக்கத்துல கூப்பிட்டு உக்கார வச்சிருக்கலாமே!" என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: பிள்ளை தவறினால், கூட்டத்தில் வைத்து விசாரிக்காதீர்கள். பெற்றோரோடு, பொறுமையான இருவர் தனியாக உட்கார்ந்து, அவன் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இன்னொரு பாவம்.

இரண்டு: இழந்தவரின் ஹக்கை அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்க வையுங்கள். மன்னிப்புக் கேட்க வையுங்கள். அடியார்களின் ஹக்கைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவேறாது.

மூன்று: பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நோன்புக் கஞ்சி ஊற்றவோ, மக்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவோ அழையுங்கள். நல்ல வாலிபர்களை அவனோடு சேர்த்து விடுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது சிறு தவறுகளுக்கான வழி. கொடிய குற்றங்களை, குறிப்பாகப் பெண்களுக்கும் சிறார்களுக்கும் இழைக்கப்படும் கொடுமைகளை, ஜமாஅத்தில் பேசி மூடி மறைப்பது அநியாயம். அவை காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியவை.

இன்று தொழுதுவிட்டு வெளியே போகும்போது, கொஞ்ச நாளாய்ப் பள்ளிக்கு வராத ஒரு வாலிபரை நினைத்துப் பாருங்கள். அஸருக்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கணக்குக் கேட்கப் போகாதீர்கள், கூப்பிடப் போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! தவறியவர்களுக்குத் தவ்பாவின் வாசலைத் திறப்பாயாக! நீ திறந்து வைத்த வாசலை நாங்கள் அடைத்துவிடாமல் எங்களைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.