தப்பிய இழைகள்

1954-இல் ஒரு சாலை விபத்து. தண்டுவடம் அடிபட்டு, வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸின் கால்கள் செயலிழந்தன. பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். நல்ல தசையொன்றின் நாணைப் பிரித்து, இயங்காத விரலில் பொருத்தும் நுட்பமான வேலை. தையல் ஆறியதும் விரல் தானாக நிமிர்ந்துவிடாது. பழைய தசைக்குப் புது வேலை என்பதை மூளை கற்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி.

தண்டுவடக் காயத்திலும் பயிற்சிதான் பெரிய மருந்து என்பேன். அறுந்த நரம்பிழை அநேகமாக மறுபடி வளர்வதில்லை. தப்பிய இழைகளோ புதுக் கிளை விட்டு வழி தேடுகின்றன. நடையின் தாளத்தை உண்டாக்கும் நரம்புச் சுற்று இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலேயே இருக்கிறது. பட்டையில் உடம்பைத் தாங்கி, டிரெட்மில்லில் காலை நடக்கப் பழக்குவது அதை எழுப்பத்தான்.

எத்தனை இழைகள் தப்பும் என்பது, அடிபட்டவரை முதல் சில நிமிடங்களில் கையாளும் விதத்தையும் பொறுத்தது. நாகமலை புதுக்கோட்டையில் தென்னையிலிருந்து விழுந்தவரையோ, தேனி சாலையில் வண்டியோடு சாய்ந்தவரையோ கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.