சந்தேகம்

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு நாள் இரவு கணக்கு வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து ஒரு செயலிக்கு அனுப்பினாள். அது தந்த விடையை வரிக்கு வரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தொகை நுண்கணிதம். எக்ஸையும் ஈயின் அடுக்கு எக்ஸையும் பெருக்கித் தொகையிட வேண்டும்.

"இது காப்பி அடிக்கிறதுதானே?" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. "வேற யார்ட்டம்மா கேக்குறது? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டியவள்தான். 1996இல் நானும் இதே கணக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பிளஸ் டூவில் முதல் குரூப் எடுத்திருந்தேன். வகுப்பில் பாடம் ஓட்டமாக ஓடும். புரியாத பையன்களுக்கு டியூஷன் இருந்தது, காலை ஐந்து மணிக்கு ஒரு பேட்ச், இரவு ஏழு மணிக்கு ஒரு பேட்ச். இரண்டுமே எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் வெளியே போகாத நேரங்கள். "விளக்கு வச்ச பிறகு உனக்கு வெளிய என்ன வேலை?" என்று அப்பா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

அப்போது பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் பொறியியல் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். வேதியியலில் ஆக்சிஜனேற்ற ஒடுக்கச் சமன்பாடுகளை எப்படிச் சமன்செய்வது என்று முதல் நாளே புரியவைத்தார். அமிலத்தில் ஒரு பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான்களைப் பெறும், ஓர் ஆக்சலேட் இரண்டைத்தான் தரும். எனவே இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சலேட். கொடுத்தது பத்து, பெற்றது பத்து. அவ்வளவுதான். மாதக் கணக்கில் மனப்பாடம் செய்தும் நிற்காத ஒன்று பத்து நிமிடத்தில் புரிந்துபோனது. அந்தச் சந்தோஷம் இன்னும் உடம்பில் இருக்கிறது.

நான்காம் நாள் அம்மா என் கையிலிருந்து நோட்டை வாங்கி வைத்துவிட்டாள். தெருவில் பேச்சு வந்துவிட்டதாம். அந்தத் திண்ணையில் எல்லோரும் பார்த்தது ஒரு நோட்டையும் ஒரு பேனாவையும்தான். ஆனால் தமிழில் ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. நான் சந்தேகம் கேட்கப் போனேன், திரும்பி வரும்போது சந்தேகத்துக்கு ஆளாகியிருந்தேன். பையன் கேட்டால் அது பாடத்தின் மீதுள்ள சந்தேகம். பெண் கேட்டால் அது அவள் மீதுள்ள சந்தேகமாகிவிடுகிறது.

தொகை நுண்கணிதத்துக்கு நாங்கள் போய்ச் சேரவேயில்லை.

அதே வருடம் தம்பியின் ரெக்கார்டு நோட்டுக்குப் படங்கள் வரைந்து கொடுத்தவள் நான்தான். அதை உதவி என்றுகூட யாரும் சொன்னதில்லை. வேதியியலில் கொடுத்ததும் பெற்றதும் சமமாகாவிட்டால் சமன்பாடே தவறு. வீட்டில் அந்தக் கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை.

கணக்கில் மதிப்பெண் குறைந்தது. "உனக்குத்தான் தமிழ் நல்லா வருதே" என்றார்கள். தமிழ் இலக்கியம் சேர்ந்தேன். பிறகு எத்தனையோ மேடைகளில், சிறு வயதிலிருந்தே தமிழ் மீது காதல், அதனால் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். காதல் உண்மை. தேர்ந்தெடுத்தேன் என்பது முழு உண்மை அல்ல. ஒரு கதவைச் சாத்திய பிறகு, திறந்திருந்த இன்னொரு கதவு வழியாகப் போனேன். போன இடம் எனக்குப் பிடித்திருந்தது, அதனால் சாத்தியதை மறந்துவிட்டேன்.

பாரிஸில் 1794இல் எகோல் பாலிடெக்னிக் திறக்கப்பட்டபோது பெண்களுக்கு அங்கே இடமில்லை. சோஃபி ஜெர்மேன் என்ற பெண், லெக்ராஞ்சியின் பாடக் குறிப்புகளை எப்படியோ வாங்கிப் படித்து, லெப்லாங்க் என்ற ஆண் பெயரில் அவருக்குத் தன் விடைகளை அனுப்பினாள். 1804இல் அதே பெயரில் காஸுக்கும் கடிதம் எழுதினாள். எழுதியது பெண் என்று அவருக்குத் தெரிய மூன்றாண்டுகள் ஆயின. எண் கோட்பாட்டில் அவள் பெயரில் இன்று ஒரு தேற்றமே இருக்கிறது.

அவள் செய்தது ஏமாற்று வேலையா? பெயரை மட்டும் பார்த்தால் ஆம். ஆனால் சொந்தப் பெயரில் கேட்க வழியில்லாத இடத்தில் பொய்யை முதலில் வைத்தது யார்? கற்பதற்காக ஒருத்தி மறைந்துகொள்ள வேண்டியிருந்தால், அந்தக் குற்றம் அவளை மறையவைத்த கதவுக்குத்தான் சேரும்.

அப்படிப் பார்த்தால் என் மகளின் கைப்பேசியும் ஒரு லெப்லாங்க்தான். இரவு மணி என்ன என்று அது கேட்பதில்லை. யார் வீட்டுப் பெண் என்று கேட்பதில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பதும் இல்லை. எனக்கு அன்று அப்படி ஒன்று கிடைத்திருந்தால் விட்டிருப்பேனா? "காப்பி" என்று நான் சொன்னதில் ஒழுக்கத்தோடு கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. ஜெர்மேனுக்கு வேண்டியிருந்தது புரிதல். என் மகளின் நோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது விடை. விடையைப் பார்த்து எழுதுவதில் ஆசிரியரை ஏமாற்றுவது சின்ன விஷயம். "புரிய வேண்டியதில்லை, உனக்கு இவ்வளவு போதும்" என்பதற்குச் சம்மதிப்பதுதான் பெரிய விஷயம். எங்கள் தெரு பெண்களிடம் காலங்காலமாகச் சொன்னதும் அதைத்தானே? அதை அவளே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்குச் சொல்லிக்கொடு" என்றேன். முதல் வரி சொன்னாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். எங்கள் கல்லூரியின் கணிதப் பேராசிரியைக்குப் போன் செய்தோம். இரவு பத்து மணி. அவர் விடையைச் சொல்லவில்லை. "எந்த இடத்துலம்மா நின்னுச்சு?" என்று கேட்டார். எதை வகையிடுவது, எதைத் தொகையிடுவது என்பதில்தான் நின்றிருந்தது. எக்ஸை வகையிட்டால் ஒன்றாகிவிடும், கணக்கு சுருங்கும். மாற்றி எடுத்தால் எக்ஸின் அடுக்கு ஏறும், கணக்கு வளர்ந்துகொண்டே போகும். இரண்டு வழியையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டுப் பார்த்தோம். அவளுக்குப் புரிந்தது, அவளால் எனக்கும் புரிந்தது. இருபத்தேழு வருடம் கழித்து.

இப்போதெல்லாம் என் வகுப்பில் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்பதில்லை. கேட்டால் மாணவிகள் எல்லோரும் இல்லை என்றே தலையாட்டுகிறார்கள், நானும் அப்படித்தான் ஆட்டியிருக்கிறேன். "எந்த வரியில் நின்றீர்கள்?" என்று கேட்கிறேன். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.