வென்றது நாங்களா, நாமா?

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், சனிக்கிழமை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரை அடுத்த ஆல்பனியில் ஒரு ரக்பிப் போட்டி நடைபெற்றது. ஒருபுறம் ‘ஆல் பிளாக்ஸ்’ எனப் பெயர்பெற்ற நியூசிலாந்து அணி. மறுபுறம் ‘ஸ்பிரிங்பாக்ஸ்’ எனப்படும் தென்னாப்பிரிக்க அணி. 1921 முதல் மோதிவரும் இவ்விரு அணிகளின் பகைமையைவிடப் பெரிது அவ்விளையாட்டில் இல்லை என்போர் பலர். அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் இவ்விளையாட்டில், முட்டை வடிவப் பந்தைச் சுமந்தோடி, எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து தரையில் பதித்தால் ஐந்து புள்ளிகள். அதனை ‘ட்ரை’ என்பர். நியூசிலாந்தார் அன்று எட்டு முறை அவ்வாறு பதித்தனர். தென்னாப்பிரிக்கர் ஒரு முறையும் பதிக்கவில்லை. எண்பது நிமிடம் முடிந்தபோது கணக்கு 57–0. தென்னாப்பிரிக்க அணி தன் வரலாற்றில் அதற்குமுன் இத்துணைப் பெரிய இடைவெளியில் தோற்றதே இல்லை.

ஆட்டக்காரர்களின் திறத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. இறுதி ஊதல் ஒலித்தபின் பார்வையாளரின் உள்ளத்தில் நிகழ்வதே நம் சிந்தனைக்குரியது. ஒரு புள்ளி, இரு புள்ளி இடைவெளியில் முடியும் ஆட்டத்தில் இரு தரப்பாரும் களைத்துப்போகின்றனர். வென்றவனுக்கும் ‘தப்பினோம்’ என்ற அடக்கம் எளிதில் வருகிறது. ஒருதலையாக முடியும் ஆட்டத்திலோ வென்றவனின் தலைக்கனத்துக்குத் தடையில்லை; தோற்றவனின் கசப்புக்கும் எல்லையில்லை. ஆகவே அறநெறி நோக்கில் பார்வையாளனைச் சோதிப்பது இழுபறியான ஆட்டமன்று; ஒருதலையான ஆட்டமே.

விளையாட்டுதானே?

“விளையாட்டுதானே, இதில் அறநெறிக்கு என்ன வேலை?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானது. உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல் உழைத்த மனத்துக்கும் ஓய்வு வேண்டும். விளையாட்டும் வேடிக்கையும் அந்த ஓய்வைத் தருகின்றன என்று கற்பித்தவர் புனித தோமா அக்குவினார். அளவறிந்து விளையாடுவதை அவர் ஒரு நற்பண்பாகவே எண்ணினார். கொண்டாட்டத்தைக் கண்டு முகம் சுளிப்பது கிறிஸ்தவ மனநிலை ஆகாது.

அதே அக்குவினார், பொறாமையின் வயிற்றில் பிறக்கும் பாவங்களைப் பட்டியலிடும்போது, அயலானின் துன்பத்தில் மகிழ்வதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். விளையாட்டில் மகிழ்வது நற்பண்பு. வீழ்ந்தவனின் வெட்கத்தில் மகிழ்வது பாவம். இரண்டும் ஒரே அரங்கில், ஒரே ஆரவாரத்தில், ஒரே மனிதனின் தொண்டையிலிருந்து வெளிவரக்கூடும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ‘எத்துணை அழகான ஓட்டம்!’ என்று தொடங்கிய மகிழ்ச்சி, ‘அவன் எப்படி விழுந்துகிடக்கிறான் பார்!’ என்று மாறும் கணத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். வெற்றி உறுதியானபின்னும் நியூசிலாந்தார் தொடர்ந்து புள்ளிகளைக் குவித்தது கொடுமையா? அல்ல. எதிரியை எதிரியாக மதிப்பவன் கடைசி நிமிடம் வரை முழு ஆற்றலோடு ஆடுகிறான். இரக்கப்பட்டு வேண்டுமென்றே தளர்ந்து ஆடுவது, ‘நீ எனக்கு ஈடில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். களத்தில் ஆடியவர்கள் உழைத்தார்கள், அடிபட்டார்கள், எதிரியின் மூச்சை அருகிலிருந்து கேட்டார்கள். அவர்களுடைய 57 புள்ளிகளில் இழிவு ஏதுமில்லை. இருக்கையில் அமர்ந்திருந்த நாம் அதே 57ஐ எடுத்துக்கொண்டு யார்மீது எறிகிறோம் என்பதே கேள்வி.

ஒரு மொழி ஆய்வும் நம் மொழியும்

ராபர்ட் சியால்டினி என்னும் அமெரிக்க உளவியலாரும் அவர்தம் குழுவினரும் 1976ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தங்கள் பல்கலைக்கழக அணி கால்பந்தாட்டத்தில் வென்றால், அடுத்த திங்கட்கிழமை மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த ஆடைகளை மிகுதியாக அணிந்து வந்தனர். ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது, வெற்றியைத் தன்மையில் ‘வென்றோம்’ எனவும், தோல்வியைப் படர்க்கையில் ‘தோற்றார்கள்’ எனவும் கூறும் போக்குக் காணப்பட்டது. பந்தைத் தொடாதவர்களே வெற்றியில் பங்கு கேட்டனர். தோல்வி வந்ததும் மெல்ல விலகி நின்றனர். வெற்றிக்கு உறவினர் பலர், தோல்வி அனாதை.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்லே உண்டு. நம் மொழியிலோ இரண்டு: ‘நாம்’, ‘நாங்கள்’. எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. அவரை வெளியே நிறுத்துவது ‘நாங்கள்’. ‘நாங்கள் வென்றோம்’ என்று சொல்லும்போதே, கேட்பவனுக்கு அதில் இடமில்லை என்று சொல்லிவிடுகிறோம். அதில் தவறில்லை, இரு அணி இருந்தால்தானே ஆட்டம்? ஆனால் அந்த ‘நாங்க’ளுக்கு அடியில் ஒரு ‘நாம்’ இருந்தாக வேண்டும். ‘நாம் இருவரும் சேர்ந்து ஆடியதால்தான் இந்த ஆட்டம் நடந்தது’ என்னும் ‘நாம்’ அது. தோற்றவன் வராவிட்டால் வென்றவன் யாரை வெல்வான்? தென்னாப்பிரிக்கர் வலியவர் என்பதனாலேயே அவரை வெல்வது நியூசிலாந்தாருக்குப் பெருமையாக இருந்தது. வலிய எதிரியை ஏளனப்பொருள் ஆக்குபவன் தன் பெருமையின் வேரையே வெட்டுகிறான்.

தலைமுறைகளாக விலக்கப்பட்டவர்கள்

‘நாங்கள்’ என்ற சொல் எத்துணைக் கொடியதாகலாம் என்பதை இவ்விரு நாடுகளின் ரக்பி வரலாறே காட்டுகிறது. நிறவெறி ஆட்சி செய்த தென்னாப்பிரிக்காவுக்கு நியூசிலாந்து அணி பயணம் செய்தபோது, அந்நாட்டின் தொல்குடியினரான மாவோரி ஆட்டக்காரர்கள் பல்லாண்டுகள் வீட்டிலேயே விடப்பட்டனர். 1960ஆம் ஆண்டுப் பயணத்தை எதிர்த்து நியூசிலாந்து மக்கள் திரண்டபோதிலும், மாவோரியர் இன்றியே அணி சென்றது. 1970இல் அவர்கள் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற பட்டத்தோடு அனுமதிக்கப்பட்டனர். ஒருவனை வரவேற்பதற்காக அவனை வேறொருவன் என்று அழைப்பதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டோ?

தென்னாப்பிரிக்காவின் உள்ளேயோ, தேசிய அணியின் சட்டை வெள்ளையருக்கே உரியதாயிருந்தது. எனவே கறுப்பின மக்களும், ‘நிறக் கலப்பினர்’ என்று அரசு முத்திரை குத்திய மக்களும் தம் நாட்டு அணியின் தோல்வியைக் கொண்டாடினர். ராபன் தீவுச் சிறையில் இருந்த கைதிகளும் அயல்நாட்டு அணிகளுக்காகவே ஆரவாரித்தனர். கேப் டவுன் நகரில் இன்றும் தலைமுறை தலைமுறையாக நியூசிலாந்துக்குக் குரல்கொடுக்கும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களைக் ‘கேப் குரூசேடர்ஸ்’ என்பர்.

அவர்களுடைய மகிழ்ச்சியையும் அக்குவினாரின் பட்டியலில் சேர்த்துவிடலாமா? அவசரப்படலாகாது. வாசலில் நிறுத்தப்பட்டவன், உள்ளே விருந்து கெட்டதைக் கேட்டு மகிழ்கிறான். அதில் பொறாமையைவிட நீதிக்கான ஏக்கமே மிகுதி. ‘நாம்’ என்று ஒருபோதும் அழைக்கப்படாதவனிடம், ‘நம் அணி தோற்றதே, நீ ஏன் அழவில்லை?’ என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? ஒருவனுடைய கொண்டாட்டத்தைத் தீர்ப்பிடுமுன், அவனை அந்தப் பக்கம் தள்ளியது யார் என்று கேட்பதும் அறநெறியின் பணியே.

அந்த வாசல் ஒருநாள் திறக்கவும் செய்தது. 1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில், தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 15–12 என்ற கணக்கில் வென்றது. குடியரசுத் தலைவர் நெல்சன் மண்டேலா, அணித் தலைவர் பிரான்சுவா பீனாரின் 6ஆம் எண் பொறித்த பச்சைச் சட்டையை அணிந்து களத்துக்கு வந்தார். பெரும்பாலும் வெள்ளையரே நிறைந்திருந்த அரங்கம் அவர் பெயரை முழங்கியது. ஒரு சட்டையால் ஒரு நாட்டின் காயங்கள் ஆறிவிடா. ஆயினும் தன்னைச் சிறைப்படுத்தியவர்களின் அடையாளத்தையே எடுத்து அணிந்து, ‘நாங்கள்’ என்றிருந்ததை அவர் ‘நாம்’ என்று மாற்றிச் சொன்னார்.

தோற்றவரின் கோபம்

வென்றவரைப் பற்றியே பேசினோம். தோற்றவர் தரப்பிலும் சோதனை உண்டு. 57–0க்குப் பின் தென்னாப்பிரிக்க ரசிகரின் சினம் எதிரணிமீது பாயவில்லை. தம் அணிமீதே பாய்ந்தது. பயிற்சியாளர் நீக்கப்பட வேண்டும் என்ற குரல் எழுந்தது. 2018 தொடக்கத்தில் அவர் பதவி இழந்தார். அந்நாட்டு அணி தோற்கும்போதெல்லாம் எழுகின்ற, ‘ஆட்டக்காரரைத் தெரிந்தெடுப்பதில் நிறம் பார்க்கிறார்கள்’ என்ற வழக்கும் ஓயவில்லை. குறைகளைச் சுட்டுவது ரசிகனின் உரிமை. ஆனால் ‘அவர்கள் தோற்றார்கள்’ என்று விலகி நின்று, ஓர் இளைஞனின் பெயரைத் தேடிப்பிடித்து, அவன் தோலின் நிறத்தையும் சேர்த்துப் பழிப்பது உரிமையன்று.

அன்று தலைகுனிந்து நின்ற பதினைவருள் சியா கொலிசி, எபென் எட்செபெத், மால்கம் மார்க்ஸ் ஆகியோரும் இருந்தனர். கொலிசி 2018இல் அணித்தலைவர் ஆனார். தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 2019இல் அதே மூவரும் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தனர். 2017ஆம் ஆண்டின் அந்த இரவில் அவர்கள்மீது எழுதப்பட்ட தீர்ப்புகள் எத்துணை அவசரமானவை!

எண்களே நமக்குப் பாடம் சொல்கின்றன. 57–0க்குப் பின் மூன்றே வாரத்தில், கேப் டவுனில் அதே அணிகள் மோதின. நியூசிலாந்து 25–24 என்று ஒரே புள்ளியில் வென்றது. அடுத்த ஆண்டு வெலிங்டனில் தென்னாப்பிரிக்கா 36–34 என வென்றது. 2023 ஆகஸ்டில், லண்டனில், நியூசிலாந்து 35–7 எனத் தோற்றது. அதுவரை அந்த அணி கண்டிராத பெருந்தோல்வி. இரண்டு மாதம் கழித்து உலகக் கோப்பை இறுதியில் மீண்டும் தென்னாப்பிரிக்காவே வென்றது. ஆனால் 12–11 என்று ஒரே புள்ளியில். 2025 செப்டம்பரில், தன் சொந்த மண்ணான வெலிங்டனிலேயே, நியூசிலாந்து 43–10 என்று அதனினும் பெரிய தோல்வியைச் சந்தித்தது. ஆல்பனியில் சிரித்தவன் வெலிங்டனில் அழுதான். எந்தக் கையால் ஏளனம் செய்தோமோ அதே கையால் முகத்தை மூடிக்கொள்ள நேர்கிறது.

எனினும், ‘நாளை நமக்கும் வரும், எனவே இன்று அடங்கியிரு’ என்பது முன்னெச்சரிக்கையே அன்றி அறமாகாது. நாளை நமக்கு வராது என்று உறுதியாகத் தெரிந்தாலும், வீழ்ந்தவனை எள்ளாதிருப்பதே அறம்.

மறுநாள் ஞாயிறு

ஆல்பனி அமைந்துள்ள ஆக்லாந்தின் வடகரைப் பகுதியில், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 57–0 என்ற கணக்கு அவர்களுக்குத் தொலைதூரச் செய்தி அன்று. அடுத்த வீட்டுச் செய்தி. சனி இரவு ஆட்டம் முடிந்தது, மறுநாள் ஞாயிறு. பச்சைச் சட்டைக்காரரும் கறுப்புச் சட்டைக்காரரும் ஒரே கோவிலில் அருகருகே நின்று, ஒருவருக்கொருவர் சமாதானம் கூறிக்கொள்ள வேண்டிய நாள். திங்களன்று அவர்தம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர வேண்டும். பெரியவர்கள் இரவில் எறிந்த சொல், இரண்டு நாள் கழித்துப் பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் மேசையில் போய் விழக்கூடும். அச்சிறுவன் அந்த ஆட்டத்தில் எந்தப் பந்தையும் தவறவிடவில்லை.

ரக்பியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஓர் அணியினர் இரு வரிசையாக நின்று, நடுவே செல்லும் மற்ற அணியினரைக் கைதட்டி அனுப்புவர். பின்னர் அவர்களும் அவ்வாறே செய்வர். எண்பது நிமிடம் ஒருவரையொருவர் மண்ணில் சாய்த்தவர்களுக்கே இது இயலுகிறது. காயமின்றி அமர்ந்திருந்த நமக்கு ஏன் இயலாது?

அன்பு வாசகர்களே, நாம் நேசிக்கும் அணி பெரும் வெற்றி பெறும் நாளில் மகிழ்வோம், தடையில்லை. ஆனால் மறுநாள் காலை, தோற்ற அணியை நேசிக்கும் ஒருவர் நம் எதிரே வருவார். அவரிடம் நாம் பேசும் முதல் வாக்கியத்தில், ‘நாங்கள்’ வருகிறதா, ‘நாம்’ வருகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்வோம்.