தொலைந்த உயிலும் தொலையாத கடமையும்

இல்லறத்தார் ஒருவர் தாம் ஈட்டிய பொருளைத் தமக்குப்பின் இன்னார்க்கு இன்னது என வகுத்து எழுதிவைப்பது உயில். எழுதியவர் மறைந்தபின் அவ்வேடு கிடைக்கவில்லையெனில் செய்யத்தக்கது யாது? வழக்கறிஞரிடம் கேட்கும் இவ்வினாவை நம் நெஞ்சிடமும் கேட்டல் வேண்டும்.

முதற்கண் செய்யவேண்டுவது தேடுதல். பெட்டியையும் அலமாரியையும் ஒருவர் தனித்துத் திறத்தல் தகாது; உரிமையுடையோர் அனைவரும் கூடியிருக்கத் திறத்தலே ஐயம் தவிர்க்கும் வழி. வங்கிப் பெட்டகத்தையும் பார்த்து, பத்திரம் எழுதியவரிடமும் சான்றொப்பமிட்ட இருவரிடமும் வினவ வேண்டும். உயிலைப் பதிவு செய்தல் கட்டாயமன்று. எனினும் பதிவாகியிருப்பின், இறப்புச் சான்றிதழுடன் விண்ணப்பித்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் படியைப் பெறலாம். முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவைக்கவும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடமளிக்கின்றது. அங்கும் கேட்டறிதல் நலம்.

மூல ஏடு தொலைந்ததனாலேயே உயில் அழிந்துவிடுவதில்லை. எழுதியவரே அதனை அழிக்காதிருப்பின், நகலையோ வரைவையோ காட்டியும், அவை இல்லாதபோது உள்ளடக்கத்தைச் சான்றுகளால் மெய்ப்பித்தும் நீதிமன்ற ஒப்புதல் பெற 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வழிசெய்துள்ளது. ஆயினும், எழுதியவர் கைவசமே இருந்த உயில் அவர் இறந்தபின் காணப்படாவிடின், அவரே மனம் மாறி அழித்திருப்பார் என நீதிமன்றம் கருதுதல் உண்டு. அன்று என்பவரே சான்று காட்டல் வேண்டும். எதுவும் மெய்ப்பிக்கப்படாதபோது, சமணர்க்கும் பொருந்துகின்ற 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆடவர் ஒருவரின் தனிச்சொத்தை அவர் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் சமபங்காகப் பெறுவர்.

சட்டம் முடிவு கூறிய இவ்விடத்தில்தான் அறத்தின் வினா எழுகின்றது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தம் வீட்டை, இறுதிவரை தம்மைப் பேணிய மகளுக்கே எழுதியிருப்பதாகத் தந்தை தம் மூத்த மகனிடம் மட்டும் கூறியிருந்தார். அவர் மறைந்தபின் இரும்புப்பெட்டியில் உயில் இல்லை. தாய், ஆண்மக்கள் இருவர், மகள் என நால்வருக்கும் காற்பங்கு வருகின்றது. உயிலை மறைத்திருந்தால் அது தண்டனைக்குரிய குற்றம். மூத்தவன் அதனைச் செய்யவில்லை. தான் கேட்ட சொல்லை மட்டுமே மறைக்கின்றான். வாய் திறவாதிருந்தால் அவனைக் கேட்பார் எவருமில்லை. அந்த மௌனம் களவாகுமா?

கள்ளாமை என்னும் அணுவிரதத்தை விளக்கும் இரத்தினகரண்டக சிராவகாசாரம், பிறர் மறந்துவிட்ட பொருளும் கொடாமற் கொள்ளத்தகாததே என்று கருதுகின்றது. பூட்டை உடைப்பது மட்டுமே களவு என்று எண்ணுவார்க்கு இது ஓர் எச்சரிக்கை. தங்கைக்கு எனக் கேட்டறிந்த ஒன்றை, கேளாதவன்போல் இருந்து கொள்வது அவ்விரதத்திற்கு ஒவ்வாது.

"தந்தையே அதனைக் கிழித்திருக்கலாமே?" என அவன் கேட்கலாம். இருக்கலாம். ஆதலின் இதுவே அவருடைய முடிவான விருப்பம் என அவன் உறுதி கூறவேண்டுவதில்லை. கேட்டதை, கேட்ட காலத்தோடு, கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னாற் போதும். ஐயத்தைத் தனித்திருந்து தனக்கு ஊதியமாகத் தீர்த்துக்கொள்வதே பிழை. மகளும், செவிவழி வந்த சொல்லையே ஆவணமாகக் கொண்டு, தாய்க்கு உரிய பங்கை வற்புறுத்திக் கேட்டல் முறையன்று.

உயில் காணாமையால் எவர் பயன் பெறுகின்றாரோ அவரே முதலில் பேச வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க நெறி. கேட்டபின் அனைவரும் மனமொத்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து வீட்டை மகளுக்கு ஆக்கலாம். தாய் தம் வாழ்நாள் முழுதும் அங்கு உறையும் உரிமையையும் அதிலேயே எழுதிவைக்கலாம். இளையவன் இசையாவிடினும், மூத்தவன் தன் காற்பங்கைத் தங்கைக்கு விட்டுக்கொடுப்பதைத் தடுப்பார் யார்? இழப்பது பெரும்பொருள்தான். ஆனால் உடன்பிறந்தாள் முகத்தை அஞ்சாமல் நோக்கும் உரிமை அவனுக்கு எஞ்சும்.

உயில் எழுதிவைத்திருக்கும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். அது இருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய இருவர்க்கேனும் இன்றே கூறிவையுங்கள். நம் மறதி, நம் மக்களின் நேர்மைக்குச் சோதனையாக அமைதல் வேண்டா.