இறந்தவர் போட்ட கையெழுத்து

வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் காலமானார். அதற்குப் பிறகும் அமெரிக்க நாளிதழ்களில் வந்த மிக்கி மவுஸ் படக்கதையில் அவருடைய கையெழுத்து விழுந்துகொண்டுதான் இருந்தது. வரைந்துகொண்டிருந்தவர் ஃபிளாய்ட் காட்ஃபிரட்சன். வேறு ஆள் கிடைக்கும்வரை இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி 1930 மே மாதம் அவரிடம் வந்த வேலை, 1975வரை அவர் கையிலேயே இருந்தது. 1960களில் ரசிகர் ஒருவர் தேடிப் பிடிக்கும்வரை வாசகர்களுக்கு அவர் பெயரே தெரியாது.

இது தவறா? சம்பளம் கொடுத்தாயிற்று, அவரும் சம்மதித்துத்தானே செய்தார் என்பார்கள். தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. தினமும் ஒரு பகுதி, போதாததற்கு ஞாயிறு வண்ணப் பக்கம். பென்சிலுக்கு ஒருவர், மை போட ஒருவர், கதைக்கு ஒருவர் என்று பட்டறையாகத்தான் நடந்தது. அலெக்ஸ் ரேமண்ட் பெயரில் புகழ்பெற்ற ஃபிளாஷ் கார்டன் படக்கதைத் தொடருக்குக் கதை எழுதியவர் டான் மூர். அல் கேப்பின் லில் அப்னருக்கு 1950களில் ஃபிராங்க் ஃபிரசெட்டா பெயரில்லாமல் வரைந்தார். இதே கேப், இளமையில் ஹாம் ஃபிஷரின் ஜோ பலூக்காவுக்குப் பெயரின்றி உழைத்தவர். அந்தக் கசப்பை 1950இல் கட்டுரையாகவே கொட்டித் தீர்த்தவர். மருமகள் மாமியாரான கதை!

உதவிக்கு ஆள் வைப்பதில் குற்றமில்லை. சார்லஸ் ஷூல்ஸ் ஐம்பது ஆண்டுகள் பீனட்ஸைத் தனியாகவே வரைந்தார் என்பதற்காக எல்லோரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் முதலாளியும் ஓவியரும் செய்துகொண்ட உடன்பாட்டில் வாசகர் எங்கே வந்தார்? 'இதை வரைந்தவன் நான்' என்று கையெழுத்து சொல்வது அவரிடம்தான். அந்தப் பொய்க்கு அவர் சம்மதிக்கவில்லை.

ஓவியருக்கும் நட்டம் புகழோடு நிற்பதில்லை. ஜார்ஜ் மெக்மானஸின் பிரிங்கிங் அப் ஃபாதர் தொடரில் ஸீக் ஸெக்லி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உடனிருந்து வரைந்தார். 1954இல் மெக்மானஸ் இறந்ததும், தொடரை விநியோகித்த நிறுவனம் அதை வெர்னன் கிரீனிடம் கொடுத்தது. அத்தனை ஆண்டுகளும் கட்டத்தின் மூலையில் ஸெக்லியின் பெயரும் இருந்திருந்தால், அவரை அவ்வளவு சுலபமாக ஒதுக்கியிருக்க முடியாது. பெயர் வாசகரிடம் சேர்த்துவைக்கும் உரிமை அது. சம்பளம் கொடுத்தவர் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டது அநியாயம்தான்.

2011 முதல் அந்த மிக்கி மவுஸ் தொடர் காட்ஃபிரட்சன் பெயரோடு தொகுப்பு நூல்களாக வரத் தொடங்கியது. அவர் இறந்தது 1986இல்.