தன்வேதனைக் காட்சிக்கு எட்டாத இடம்

“என் உடம்பில் ஒன்று வந்தால் எனக்குத் தெரியாமலா போகும்?” அறுபது தாண்டிய ஆண்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். மயிலாடுதுறையில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் சைவ சித்தாந்த வகுப்பிலும் வந்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று ஒருவர் கேட்க, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இந்த ஒரே வரியில் அதைத் தள்ளிவிட்டார். மருத்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும். அறிவைப் பெறும் வழிகளை ஆராயும் அளவை இயல் படித்தவர்கள் அந்த வரியை அப்படியே விட்டுவிடலாமா?

அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞான சித்தியார், பதி பசு பாசம் (இறைவன், உயிர், தளை) பற்றி விரிப்பதற்கு முன்பே அளவையைப் பேசிவிடுகிறது. ஒன்றை அறிந்தேன் என்று எதைக்கொண்டு சொல்கிறாய் என்பதே முதல் கேள்வி. காட்சி, கருதல் (அடையாளத்தைக் கொண்டு ஊகித்தல்), உரை (இறைவன் நூலின் சொல்) என்பவை விடை. காட்சியிலும் நான்கு வகை. அவற்றில் ஒன்று தன்வேதனைக் காட்சி: இன்பத்தையும் துன்பத்தையும் உயிர் தானே நேரில் உணர்வது. எனக்குப் பல் வலிக்கிறது என்பதற்கு இன்னொருவர் சாட்சி வேண்டாம். தாசில்தாரின் நம்பிக்கை இதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் வலியை உணர்வது வேறு, வலியின் காரணத்தை அறிவது வேறு. வலிக்கவே செய்யாத ஒன்றைப் பற்றி இந்தக் காட்சி என்ன சொல்லும்?

புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. வயது ஏற ஏறக் குழாயை ஒட்டிய உள்பகுதி தடிக்கிறது. இரவில் எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கிறது, முக்க வேண்டியிருக்கிறது, நீர் மெல்லிசாக விட்டுவிட்டு வருகிறது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது. இவை பெரும்பாலும் சாதாரண வீக்கத்தின் அடையாளங்கள். புற்றுநோயோ பெரும்பாலும் வெளிப்புறத்தில், பின்பக்கமாகத் தொடங்குகிறது. அது குழாயை நெருக்க நெடுநாள் ஆகும். மலையில் புகை கண்டு நெருப்பைக் கருதுவது தருக்கத்தின் பழைய எடுத்துக்காட்டு. இங்கே புகை இருந்தும் நெருப்பு இல்லாமல் இருக்கலாம்; நெருப்பு இருந்தும் புகை வராமல் இருக்கலாம்.

என் பெரியண்ணனுக்கு இந்தப் புற்றுநோய் இடுப்பு வலியாக வந்தது. பஸ்ஸில் நின்றே காலம் கழித்த கண்டக்டர்; பிடிப்பு என்று அண்ணி தைலம் தேய்த்துவிட்டார். படுத்தாலும் வலி குறையவில்லை, இரவில்தான் கூடியது. சிறுநீர் போவதில் ஒரு குறையும் இல்லை. ஸ்கேன் எடுத்தபோது நோய் முதுகெலும்பை எட்டியிருந்தது. சிறுநீரிலோ விந்துவிலோ ரத்தம், ஓய்வெடுத்தும் விடாத முதுகு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, கால் தளர்ச்சி ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இவற்றில் பலவும் நோய் முற்றிய பிறகே தலைகாட்டுகின்றன.

அப்படியானால் கருதல் அளவை கைகொடுக்குமா? பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அதற்குத்தான். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. வீக்கமும் கிருமித் தொற்றும்கூட அந்த எண்ணை ஏற்றிவிடும். 4 முதல் 10 வரை உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கிறது. எல்லைக்குள் இருந்தவர்களைப் பயாப்ஸி செய்து பார்த்த அமெரிக்க ஆய்விலோ, சுமார் 15 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. கண்டுபிடித்துவிட்டால் மட்டும் சந்தேகம் தீர்ந்துவிடுமா? சுரப்பியைத் தாண்டாத நோயுள்ள 1643 பேரை பிரிட்டனில் மூன்று பிரிவாக்கினார்கள்: அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு. 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று சதவீதம் அளவே. ஆனால் கண்காணிப்புப் பிரிவில் இருந்தவர்களிடம் நோய் பரவியது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அறுவைக்குப் போனவர்களில் பலருக்குச் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும். எந்தப் பக்கமும் முழு நிச்சயம் இல்லை.

ஆகவே சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஐயம் என்பதைச் சித்தியார் காட்சியில் நேரும் குற்றமாகச் சொல்கிறது. குற்றம் இருக்கிறதென்று யாரும் கண்ணைப் பிடுங்கிக்கொள்வதில்லை. இன்னொரு முறை பார்க்கிறோம். மீண்டும் ஒரு ரத்தப் பரிசோதனை, விரல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மட்டும் பயாப்ஸி என்று மருத்துவர்கள் படிப்படியாகப் போவதும் இந்த முறையில்தான். 50 வயதில் இதை மருத்துவரிடம் பேசத் தொடங்கலாம். தகப்பனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ இருந்தால் 45இலேயே. அண்ணனுக்கு வந்தபின் நான் என் மகன்களிடம் சொன்னதும் இதுதான்.

இடுப்புக்குக் கீழே உள்ளதைப் பேச ஆண்களுக்கு இருக்கும் கூச்சத்துக்கும் சித்தாந்தத்தில் மறுமொழி இருக்கிறது. உயிர் தானாக அறியாது, அறிவிக்க அறியும் என்பது நம் அடிப்படைக் கொள்கை. தனு கரண புவன போகம் (உடல், கருவிகள், உலகம், நுகர்வு) என்ற நான்கும் உயிர் பக்குவப்பட இறைவன் தந்தவை என்கிறோம். தந்த உடம்பைப் பற்றியே எனக்கு இன்னொருவர் அறிவிக்க வேண்டியிருந்தால் அதில் என்ன அவமானம்? மருத்துவர் சொல்லை உரை அளவையில் வைக்க எனக்குத் துணிவில்லை. அந்த இடம் இறைவன் நூலுக்கு உரியது. அறிவிக்கும் கருவிகளில் ஒன்றாக வைக்கத் தடையில்லை.

கடைசியாக, விதி. எல்லாம் வினைப்படி நடக்கும்போது ஊசி குத்தி ரத்தம் எடுப்பானேன் என்று கேட்கிறார்கள். வினைப்பயன் எந்த வழியில் வரும் என்பதை நாம் அறியோம் என்றும் அதே கொள்கைதான் சொல்கிறது. அது நோயாக வரலாம். காலத்தில் கிடைத்த மருத்துவராகவும் வரலாம். முதலாவதை மட்டும் விதி என்று ஏற்றுக்கொண்டு இரண்டாவதை மறுக்கிறவர் விதியில் பாதியைத்தான் நம்புகிறார்.